“புரிஞ்சுது மிஸ்” என்கிறார்கள், பேப்பரில் கேள்வியையே எழுதுகிறார்கள்

கேள்வி: அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு ஆங்கிலவழிப் பிரிவுக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 38 பேர். அதில் 24 பேர் ஐந்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் இந்தப் பிரிவுக்கு வந்தவர்கள். இந்த ஆண்டு பீகாரிலிருந்து ஒரு பையனும் சேர்ந்திருக்கிறான்; அவனுக்குத் தமிழும் வராது. பாடநூலில் ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசித்து, அதைத் தமிழில் சொல்லித்தான் நடத்துகிறேன். புரிந்ததா என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஸ்லிப் டெஸ்ட் வைத்தால் பாதிப் பேர் கேள்வியையே திரும்ப எழுதி வைக்கிறார்கள். ‘வகுப்பில் தமிழே பேசாதீர்கள், தானாக வந்துவிடும்’ என்கிறார் தலைமை ஆசிரியர். அப்படி இரண்டு வாரம் நடத்திப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் தமிழ்வழியில் படித்தவள்தான், என் ஆங்கிலமும் சுமார். எங்கே ஆரம்பிப்பது?

– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

வரிக்கு வரி தமிழும் செய்துவிட்டீர்கள், முழு ஆங்கிலமும் செய்துவிட்டீர்கள். இரண்டும் பலிக்கவில்லை. தமிழ் வேண்டுமா வேண்டாமா என்று நீங்களும் தலைமை ஆசிரியரும் வாதாடுவதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: 45 நிமிடப் பாடவேளையில் எந்த நிமிடம் தமிழுக்கு, எந்த நிமிடம் ஆங்கிலத்துக்கு?

முதலில் வரிக்கு வரி மொழிபெயர்ப்பைப் பார்ப்போம். ஆங்கில வரி முடிந்தவுடன் தமிழ் வரும் என்று தெரிந்துவிட்ட பிள்ளைகள் ஆங்கில வரி ஓடும்போது காது கொடுப்பதில்லை. மழை விடட்டும் என்று திண்ணையில் ஒதுங்கி நிற்பதுபோல் தமிழுக்காகக் காத்திருக்கிறார்கள். தமிழ் வந்ததும் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே ‘புரிஞ்சுது மிஸ்’ என்பது பொய்யில்லை. புரிந்தது தமிழ். தேர்வு வைப்பது ஆங்கிலத்தில்.

இதன் தம்பி ஒன்று உண்டு, கலப்பு நடை. “ஃபோர்ஸ் ஆக்ட் பண்ணும்போது ஏரியா கம்மியா இருந்தா பிரஷர் அதிகமாகும்.” கருத்தை விளக்க அருமையான வாக்கியம், தயங்காமல் சொல்லலாம். ஆனால் இதில் இருக்கும் ஆங்கிலம் நாலே சொல். அவற்றைச் சேர்த்துக் கட்டும் வேலை முழுவதையும் ‘பண்ணும்போது’, ‘இருந்தா’, ‘ஆகும்’ என்று தமிழ்தான் செய்கிறது. தேர்வுத்தாளில் பிள்ளைகள் எழுதவேண்டியது அந்தக் கட்டைத்தான். அதை அவர்கள் ஆங்கிலத்தில் காதால் கேட்டதே இல்லை. கேள்வியைத் திரும்ப எழுதுவதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முழு ஆங்கில வாக்கியம் என்று அவர்கள் கண்முன் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

அடுத்த வாரம் வகுப்பு எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். முடிந்த பாடத்திலிருந்து மூன்று சிறு கேள்விகள் போதும். வாய் திறக்காதவர்களில் எட்டுப் பேரை ஒவ்வொருவராக அழையுங்கள். முதல் கேள்வியைத் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்குங்கள். இரண்டாவது கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டி, பதிலைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவதில் கேள்வியும் ஆங்கிலம், பதிலும் ஆங்கிலம். ஆளுக்கு மூன்று நிமிடம் ஆகும். முதல் படியிலேயே தடுமாறினால் பாடம் புரியவில்லை, மறுபடி நடத்தவேண்டும். முதலாவது சரி, இரண்டாவதில் விழிக்கிறார் என்றால் கேள்வியின் ஆங்கிலம் பிடிபடவில்லை. இரண்டாவதும் சரி, மூன்றாவதில் நிற்கிறார் என்றால் வாக்கியம் கட்டத் தெரியவில்லை. மூன்றும் வேறு வேறு நோய். ஒரே மருந்து கொடுத்தால் கேட்காது.

இந்த எட்டுப் பேரில் யாரையாவது ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்திருந்தால், சோதனை முடிந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். தமிழில் காரணத்தோடு பதில் சொல்கிற பிள்ளையிடம் அறிவியலில் எந்த மெதுவும் இல்லை.

ஆறு, ஏழு என்று இரண்டு ஆண்டு ஆங்கிலவழியில் படித்தாயிற்றே என்று தோன்றலாம். கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் பேச்சு ஆங்கிலத்தையும் பாட ஆங்கிலத்தையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டில் வந்துவிடுகிறது. பாடத்தில் மற்றவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டு பிடிக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தெருவிலும் கடையிலும்கூட ஆங்கிலம் காதில் விழும். உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலோடு சரி. ‘மே ஐ கம் இன் மிஸ்’ என்று சரளமாகச் சொல்கிற பிள்ளைக்குப் பாடநூலின் ஒரு பத்தி புரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி பாடத்துக்கு வருவோம். விசையும் அழுத்தமும் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘பிரஷர் இஸ் த ஃபோர்ஸ் ஆக்டிங் ஆன் யூனிட் ஏரியா’ என்பது வரையறை. இதில் கடினமான சொல் எது என்று கேட்டால் ‘பிரஷர்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். அதைப் பிள்ளைகள் எப்படியும் கற்றுக்கொள்வார்கள். பாடத்தின் தலைப்பே அது, தடித்த எழுத்தில் வேறு அச்சிட்டிருக்கும். அவர்களைத் தடுக்கி விழவைப்பவை ‘ஆக்டிங் ஆன்’, ‘யூனிட்’, ‘பெர்’ போன்றவை. இவற்றுக்கு யாரும் பொருள் சொல்வதில்லை. கலைச்சொல் அகராதியிலும் இவற்றில் பல இருக்காது.

இன்னொரு பொறி உண்டு. நம் பேச்சுத் தமிழில் ஏற்கெனவே குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்கள் அறிவியலில் வேறு பொருளில் வரும். ‘பிரஷர்’ என்றால் தாத்தாவுக்கு இருப்பது. ‘ஏரியா’ என்றால் நம்ம தெரு. ‘ஃபோர்ஸ் பண்ணாதே’ என்றால் வற்புறுத்தாதே. ஒரே வரையறையில் மூன்று சொல், மூன்றும் ஏமாற்றும். மற்ற பாடங்களிலும் இதே கதைதான்: ‘கரண்ட் போச்சு’ என்னும்போது மின்சாரம், பாடத்தில் மின்னோட்டம். ‘உடம்பு ஹீட்டு’ என்பது வெப்ப ஆற்றலும் இல்லை, வெப்பநிலையும் இல்லை. ‘டென்ஷன்’, ‘பவர்’, ‘சார்ஜ்’, ‘வெயிட்’ என்று பட்டியல் நீளும். பாடம் தொடங்கும்போதே ‘இந்தச் சொல்லுக்கு வீட்டில் என்ன பொருள், இங்கே என்ன பொருள்’ என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிவிடுங்கள். மூன்று நிமிட வேலை. தெரியும் என்று நினைத்த சொல் தெரியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்தச் சொல் பிறகு மறக்காது. சில சொற்கள் எதிர்ப்பக்கமாக உதவவும் செய்யும். ‘பிரியாணிக்கு பெர் ஹெட் எவ்வளவு?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ‘பெர்’ என்றால் வகுத்தல் என்று புரியவைக்க அரை நிமிடம் போதும்.

ஒரு பாடவேளைக்கு ஆறு அல்லது ஏழு சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். அழுத்தத்துக்கு என் தேர்வு: ஃபோர்ஸ், ஏரியா, பிரஷர், ஆக்ட்ஸ் ஆன், பெர், இன்கிரீஸ், டிகிரீஸ். 20 சொல் கொடுத்தால் 20-ஐயும் நோட்டில் அழகாக எழுதிக்கொள்வார்கள். அத்தோடு முடிந்தது.

பாடவேளையை இப்படிப் பிரியுங்கள். முதல் 15 நிமிடம் தமிழ், தயக்கமில்லாமல் நல்ல தமிழ். பெரிய தாம்பாளத்தில் சலித்த உலர்ந்த மணலை 5 செ.மீ. ஆழத்துக்குக் கொட்டிச் சமப்படுத்துங்கள். ஈர மணல் வேண்டாம், இறுகிக்கொண்டு செங்கல்லை உள்ளே விடாது. ஒரே செங்கல்லைப் படுக்கவைத்தால் அதிகம் புதையுமா, செங்குத்தாக நிறுத்தினாலா என்று செய்து காட்டும் முன்பே கையுயர்த்தி வாக்களிக்கச் சொல்லுங்கள். பிறகு வையுங்கள். நிறுத்தும்போது சாயும், விரலால் லேசாகத் தாங்கிக்கொள்ளலாம். அழுத்திவிடாதீர்கள், கூர்ந்து பார்க்கிற பிள்ளை ஒருவர் அதைச் சொல்லிக்காட்டுவார். கடைசி பெஞ்சுக்கு மணல் தெரியாது, அவர்களுக்குப் பென்சில் இருக்கிறது: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பென்சிலை நிறுத்தி மெதுவாக அழுத்தினால் இரண்டு விரலிலும் விசை ஒன்றுதான், முனை இருக்கும் விரல்தான் வலிக்கும். ஏன் என்று பேசவிடுங்கள். அரிவாள்மனை, புத்தகப்பையின் அகலமான பட்டை, லாரிக்கு அத்தனை டயர் என்று அவர்களே கொண்டுவருவார்கள். நீங்கள் இன்னும் வரையறை சொல்லவேண்டாம்.

அடுத்த 5 நிமிடம் சொற்கள். அந்த ஏழையும் பலகையின் வலது பக்கம் எழுதி, செங்கல்லைத் தொட்டுக்காட்டி, சொல்லி, சொல்லவையுங்கள். பாடவேளை முடியும்வரை அவற்றை அழிக்கக்கூடாது.

அதற்கடுத்த 10 நிமிடம்தான் உயிர்நாடி. பலகையின் மறுபக்கம் போய் நில்லுங்கள். இந்தப் பக்கம் நின்றால் டீச்சர் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லியிருங்கள். அதே செங்கல், அதே மணல், மறுபடி முதலிலிருந்து. “திஸ் இஸ் எ பிரிக். ஐ புட் இட் ஃபிளாட். த ஏரியா இஸ் லார்ஜ். த பிரஷர் இஸ் லெஸ். நவ் ஐ புட் இட் ஆன் இட்ஸ் எண்ட். த ஏரியா இஸ் ஸ்மால். வாட் ஹேப்பன்ஸ் டு த பிரஷர்? இட் இன்கிரீசஸ்.” என்ன நடக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், அதை ஆங்கிலம் எப்படிச் சொல்கிறது என்பதில் மட்டும் கவனம் போகும். நீங்கள் முழு ஆங்கிலத்தில் நடத்திய இரண்டு வாரத்தில் இல்லாமல் போனது இதுதான். புதிய கருத்தையும் புதிய மொழியையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினீர்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில் நடுவே தமிழ் சொல்லிவிட ஆசை வரும். முகங்கள் வெறித்துப் பார்க்கும்போது நாக்கு நுனியில் நிற்கும். சொல்லாதீர்கள். செங்கல்லைத் தூக்கிக் காட்டுங்கள், அதே வாக்கியத்தை மெதுவாக இன்னொருமுறை சொல்லுங்கள். ஒருமுறை தமிழ் வந்துவிட்டால் அடுத்த பத்து நிமிடமும் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பிறகு 10 நிமிடம் இரண்டிரண்டு பேராகப் பேச்சும் எழுத்தும். பலகையில் ஒரு சட்டம்: ‘வென் த ஏரியா ______, த பிரஷர் ______.’ பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் வாயால் சொல்லவேண்டும், ஆளுக்கு இரண்டு உதாரணம். அதற்குப் பிறகுதான் நோட்டு. வாயில் வராத வாக்கியம் கையிலும் வராது. கடைசி 5 நிமிடம், கால் தாளில் ஒரே வாக்கியம்: கூர்மையான கத்தி ஏன் எளிதில் வெட்டுகிறது?

அந்த 38 துண்டுத் தாள்களுக்கு மார்க் போடவேண்டாம். ஆசிரியர் அறையில் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: கருத்தும் வாக்கியமும் சரி; கருத்து சரி, ஆனால் வாக்கியம் உடைந்திருக்கிறது; கருத்தே தவறு. பத்து நிமிடம் போதும். மறுநாள் என்ன செய்யவேண்டும் என்பதை எந்த அடுக்கு உயரமோ அதுவே சொல்லிவிடும்.

இப்படி வாரத்தில் எல்லாப் பாடவேளையும் எடுக்க முடியாது, பாடத்திட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வாரம் இரண்டு போதும். மற்ற நாள்களிலும் ஒரு பத்து நிமிடத்தையாவது ஆங்கிலப் பக்கத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பாடநூல் வாசிப்பைத் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே தமிழின் அமைப்பே குறுக்கே நிற்கிறது. ‘ஓரலகுப் பரப்பில் – செயல்படும் – விசை.’ தமிழில் விசை கடைசியில் வருகிறது. அதைப் பற்றிய விவரமெல்லாம் முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘த ஃபோர்ஸ் – ஆக்டிங் – ஆன் யூனிட் ஏரியா’. அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழ். தமிழ்ப் பழக்கத்தில் வாசிக்கிற பிள்ளைகள் கடைசியில் வருவதுதான் முக்கியம் என்று நினைத்து, இந்த வரி பரப்பளவைப் பற்றியது என்று முடிவுகட்டிவிடுவார்கள். இது மந்தம் அல்ல. தாய்மொழி கற்றுக்கொடுத்த ஒழுங்கான பழக்கம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீண்ட வாக்கியம் ஒன்றைப் பலகையில் எழுதி முதலில் ‘இஸ்’, ‘ஆர்’, ‘இஸ் கால்டு’ போன்ற வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் தலைச்சொல் எது என்று வட்டம் போடவேண்டும். பிறகு பெட்டியைத் துண்டுகளாக வெட்டி 1, 2, 3 என்று எண் கொடுத்து, 3, 2, 1 என்று தமிழில் சொல்லவையுங்கள். பாடத்துக்கு மூன்று வாக்கியம் இப்படிச் செய்தால் போதும். முழுப் பக்கத்தையும் வெட்டினால் அது அறிவியல் வகுப்பாக இருக்காது. எதை வெட்டுவது என்று தேர்ந்தெடுப்பது எளிது: வரையறை ஒன்று, ‘விச்’ அல்லது ‘தட்’ வரும் நீண்ட வாக்கியம் ஒன்று, ‘நாட்’ வரும் வாக்கியம் ஒன்று.

கேள்வித்தாளின் சொற்களுக்கும் இதே கவனம் வேண்டும். ‘ஸ்டேட் பாஸ்கல்ஸ் லா’ என்று கேட்டால், ‘ஸ்டேட்’ என்பதைப் பிள்ளைகள் மாநிலமாகத்தான் அறிவார்கள்; இங்கே ‘எடுத்துக் கூறு’ என்று பொருள். ‘டிஃபைன்’ என்றால் ‘இஸ்’ வரும் ஒரு வாக்கியம். ‘கிவ் ரீசன்’ என்றால் பதிலில் ‘பிகாஸ்’ இருந்தே ஆகவேண்டும். ‘டிஸ்டிங்விஷ்’ என்றால் நடுவில் கோடு, இரண்டு பத்தி. ‘கால்குலேட்’ என்றால் சூத்திரம், எண்ணை இடுதல், அலகு. இந்த ஐந்தையும் ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள்.

கூற்று–காரணம் வகைக் கேள்வியில் நன்றாகப் படிக்கிறவர்களும் மார்க்கை விடுகிறார்கள். அறிவியல் தெரிந்திருக்கும், நாலு விடைகளும் ஒன்றுபோல நீளமாக இருப்பதில் குழம்பிவிடுவார்கள். விடைகளைக் கையால் மூடச் சொல்லுங்கள். மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: கூற்று சரியா? காரணம் சரியா? இரண்டும் சரி என்றால், நடுவில் ‘பிகாஸ்’ போட்டுப் படித்தால் பொருந்துகிறதா? ‘ஒட்டகம் மணலில் எளிதாக நடக்கிறது, ஏனென்றால் அது பல நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும்.’ வகுப்பு சிரித்துவிடும். இரண்டும் உண்மை, ஆனால் பொருந்தவில்லை. இப்போது கையை எடுத்து விடையைத் தேடச் சொல்லுங்கள்.

அமைதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் மேரி பட் ரோ 1970-களில் அளந்தார். ஏறத்தாழ ஒரு நொடி. அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அது தாய்மொழி வகுப்புக் கணக்கு. உங்கள் பிள்ளைகள் கேள்வியைத் தமிழாக்கி, யோசித்து, பதிலை ஆங்கிலமாக்கவேண்டும். மனத்துக்குள் எட்டுவரை எண்ணுங்கள். முதல் முறை எட்டு நொடி ஒரு யுகமாக இருக்கும். பெயர் சொல்லி எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். கேள்வியைச் சொல்லி, காத்திருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசவிட்டு, அதற்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். எழுந்து நிற்கிற பிள்ளையின் கையில் அப்போது ஒரு பதில் தயாராக இருக்கும்.

‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை இந்த ஆண்டுக்கு மூட்டைகட்டி வைத்துவிடலாம். அதற்கு ‘இல்லை’ என்று சொல்லும் துணிச்சல் 13 வயதில் யாருக்கும் இருக்காது. மாற்றாக, ‘ஏரியா இன்கிரீசஸ்’ என்று சொல்லி, பிரஷருக்குக் கட்டைவிரலை மேலே காட்டுவதா கீழே காட்டுவதா என்று கேளுங்கள். 38 பதிலும் ஒரே பார்வையில் தெரியும். பக்கத்தில் பார்த்துக் காட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொன்னால் தீர்ந்தது.

கோடிட்ட சட்டங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவை சாரம், கட்டடம் எழுந்தபின் பிரிக்கவேண்டும். பிரிக்காமல் விட்டால் இன்னொரு கைடாகிவிடும். முதல் இரண்டு வாரம் முழுச் சட்டம், அடுத்த இரண்டு வாரம் தொடக்கச் சொல் மட்டும், பிறகு பலகையோரத்தில் சொற்கள் மட்டும், ஆறாவது வாரத்தில் வெறும் கேள்வி. சிலருக்குக் கூடுதலாக இரண்டு வாரம் தேவைப்படும், கொடுங்கள். பொருள் தெரியாமல் இட்டு நிரப்புகிறார்களா என்று அறிய, தவறான வாக்கியம் ஒன்றை நீங்களே எழுதுங்கள்: ‘வென் த ஏரியா இன்கிரீசஸ், த பிரஷர் இன்கிரீசஸ்.’ யாரும் சத்தம் போடவில்லை என்றால் சாரத்தைப் பிரிக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

திருத்தும்போது சிவப்பு மையைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். ஒரு தாளுக்கு இரண்டு திருத்தம். பொருளை மாற்றும் பிழை முதலில்: இன்கிரீஸ்–டிகிரீஸ் மாறியது, ‘நாட்’ விடுபட்டது, ஃபோர்ஸும் பிரஷரும் இடம் மாறியது. அடுத்து அன்றைய ஏழு சொல்லின் எழுத்து. தமிழில் ஒரே ‘ப’தான் இரண்டு ஒலிக்கும், ஒரே ‘ட’தான் இரண்டு ஒலிக்கும், ஆகவே ‘பி’ என்று நாம் எழுதும் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் மாற்றிப்போடுவார்கள். நோட்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் இதை இன்னும் குழப்பும். தடுக்கவேண்டாம், பக்கத்தில் ஆங்கில எழுத்தும் இருக்கவேண்டும் என்று மட்டும் கட்டாயமாக்குங்கள். ‘ஏ’, ‘த’ விடுபடுவது தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் வருவது. அறிவியல் தாளில் அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

பீகார் பையனுக்கு வருகிறேன். வீட்டில் பேசுவது இந்தி மொழியா, போஜ்புரியா, மைதிலியா என்று முதலில் கேளுங்கள். முன்பு எந்த மொழியில் படித்தான் என்பதையும் சேர்த்து. இந்தி வாசிப்பான் என்றால் என்.சி.இ.ஆர்.டி.யின் இந்தி அறிவியல் நூல்கள் அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடம் தொடங்கும் முன் அதே தலைப்பை அவன் மொழியில் இரண்டு பக்கம் படித்துவிட்டு வரட்டும். ஏழு சொல்லுக்கும் இந்தியில் என்ன என்று அவனே நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், ஒருநாள் பலகையிலும் எழுதட்டும். விசைக்கு இந்தியில் ‘பல்’. வகுப்பு சிரிக்கும், அந்தச் சிரிப்பு சொல்லோடு நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அவன்மேல் திரும்பக்கூடாது.

உங்கள் தமிழ் நிமிடங்களில் அவன் வெளியே நிற்கிறான். மணலும் செங்கல்லும் அவனுக்காகவும்தான், பார்த்தால் புரியும். ஆங்கில நிமிடங்களில் அவன் மற்றவர்களுக்குச் சமம். சில மாதம் பேசாமல் இருக்கலாம். புதிய மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் அப்படித்தான் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதுவரை சுட்டிக்காட்டுவது, படம் வரைவது, அட்டைகளை வரிசைப்படுத்துவது என்று பதில் வாங்குங்கள். வகுப்பிலேயே முதல் மாணவனுக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், அவன் எழுதிக் கொடுத்துவிடுவான். வாயாடும் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவையுங்கள், ஆறு மாதத்தில் தமிழும் வரும்.

தலைமை ஆசிரியரிடம் கொள்கை பேசவேண்டாம். பாடவேளைப் பிரிப்பை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: ஆங்கிலம் மட்டும் பேசும் நிமிடங்கள் எத்தனை என்று அதில் இருக்கும், இப்போது நீங்கள் பேசுவதைவிட அது அதிகம். மூன்று வாரம் கழித்து துண்டுத் தாள் அடுக்குகளின் எண்ணிக்கையைக் காட்டுங்கள். ‘தானாக வந்துவிடும்’ என்று பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுவது அமெரிக்காவிலும் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குழந்தைகள் தொடர்பான லாவ் – நிக்கல்ஸ் வழக்கில், 1974-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு எல்லோருக்கும் கொடுக்கும் அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுப்பது சமமாக நடத்துவது ஆகாது என்றது. கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அடுக்குகளின் எண்ணிக்கையே போதும்.

கடைசியாக உங்கள் ஆங்கிலம். அந்தப் பத்து நிமிடத்துக்கு உங்களுக்குத் தேவை 10 அல்லது 12 வாக்கியம். முதல்நாள் மாலை அவற்றை எழுதிவிடுங்கள். பாடநூல் வாக்கியத்தை அப்படியே எடுக்காதீர்கள், அது கண்ணுக்காக எழுதியது. ‘பிரஷர் இஸ் எக்ஸர்ட்டட் பை த பிரிக்’ என்றிருந்தால் ‘த பிரிக் பிரெசஸ் த சேண்ட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்துக்கு எட்டுச் சொல்லைத் தாண்டாமல் பாருங்கள். ஏழு சொல்லின் உச்சரிப்பையும் அகராதிச் செயலியில் ஒலியைப் போட்டுக் கேட்டுவிடுங்கள். வகுப்பில் நடுவில் ஒரு சொல் சிக்கினால் மழுப்பவேண்டாம். ஒரு பிள்ளையிடம் அகராதியைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள், கிடைத்ததை நீங்களும் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்ததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ‘ஆக்டிங் ஆன்’ என்ற இடத்தில் பிள்ளைகளுக்கு ஏன் தடுக்குகிறது என்பது அதே இடத்தில் தடுக்கி எழுந்தவருக்குச் சட்டென்று தெரியும். அந்த 12 வாக்கியத்தை எழுதும்போது உங்களுக்கு எங்கே பேனா நின்றதோ, அந்த இடத்தை மறுநாள் வகுப்பில் இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள்.